ஒரே தட்டும் மூன்று பூனைகளும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுள் இரு வகையினர் உண்டு. ஊரை விட்டுப் புறப்பட்டு, தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ சென்று குடியேறியவர் ஒரு வகையினர். இருந்த இடத்தை விட்டு அசையாமலே பிற மாநிலத்தவர் ஆனவர் மற்றொரு வகையினர். புத்தலப்பட்டுக்காரர்களாகிய எங்கள் குடும்பத்தார் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள். சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். 1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. 2022-ஆம் ஆண்டு திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் நாங்கள் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தோம். வீட்டிற்குள் தமிழும் வீதியில் தெலுங்குமாக எங்கள் வாழ்வு நடக்கிறது. எங்கள் வீட்டுப் பூனையும் உள்ளே வந்தால் ‘பூனை’. தெருவில் இறங்கினால் ‘பில்லி’.

மனிதர் வகுத்த எல்லைகளைப் பற்றி இன்று நான் பேச வரவில்லை. பூனை தனக்கென வகுத்துக்கொள்ளும் எல்லையைப் பற்றியும், அந்த எல்லை சோற்றுத் தட்டின் அருகே குலையும்போது நேரும் தொல்லையைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இது சிறிய செய்திதான். ஆயினும் ஓர் உயிர் இதில் அடங்கியிருந்தது.

என் தாயார் புத்தலப்பட்டு வீட்டில் தனியாக வாழ்பவர். பிள்ளைகள் எல்லோரும் வேலையின் பொருட்டு வெளியூர்களில் இருக்கிறோம். அம்மாவுக்குத் துணை மூன்று பூனைகள். மூத்தவளைப் ‘பெரியவள்’ என்றே அழைப்பது வழக்கம். இரண்டாமவள் அவளுடைய மகள். மூன்றாமவன் மழைக்காலத்தில் ஒருநாள் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்த கடுவன். காலையும் மாலையும் சமையலறை வாசலில் ஒரே தட்டில் தயிர்ச்சோறோ பாற்சோறோ வைப்பார் அம்மா. “ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாய் உண்ண வேண்டாமா?” என்பது அவர் கேள்வி.

சில மாதங்களுக்குப் பின்னர் ஒருநாள் தொலைபேசியில் அவர் குரல் தாழ்ந்திருந்தது. “பெரியவள் மூன்று நாளாய்த் தட்டைத் தொடவில்லை, அப்பா. பரணில் ஏறிப் படுத்தவள் இறங்கவே மாட்டேன் என்கிறாள். வயதாகிவிட்டது, போகிற காலம் போலும்” என்றார். சண்டை ஏதும் நடந்ததா என்று வினவினேன். “ஒரு சத்தமும் இல்லையே, அந்தப் பையன் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறான்” என்றார்.

அந்தச் சத்தமற்ற அமைதிதான் நோய் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்குப் பூனையின் பழைய வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும்.

உலகத்து வீட்டுப் பூனைகள் யாவும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையின் வழி வந்தவை என்பதை 2007-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆராய்ச்சி தெளிவாக்கிற்று. சைப்பிரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்னும் இடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர் ஒருவரின் புதைகுழிக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் வீஞ்யும் அவர் குழுவினரும் 2004-இல் இதனை உலகுக்கு அறிவித்தனர். அத்தீவில் இயற்கையாகப் பூனை இனம் கிடையாது; ஆகவே மனிதரே படகில் ஏற்றிக் கொண்டு சென்றிருக்க வேண்டும்.

நாயை மனிதன் வேட்டைத் துணைக்காகப் பழக்கினான்; ஆட்டையும் மாட்டையும் பாலுக்கும் இறைச்சிக்கும் பழக்கினான். பூனையை அவ்வாறு யாரும் பழக்கியதாகத் தெரியவில்லை. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நாய்க்கு முன்னோர் கூட்டமாய் வேட்டையாடிய ஓநாய்கள். பூனைக்கு முன்னோரோ தனித்து வேட்டையாடித் தனித்தே உண்டவை. ஓர் எலி ஒரு பூனைக்கு ஒரு கவளம். அதில் பங்கு போட என்ன இருக்கிறது? நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை சிறுகச் சிறுக வேட்டையாடி, தன் மறைவிடத்தில் பிறர் பார்வை படாமல் உண்பதே அதன் இயற்கை. வீட்டுக்குள் வந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் இந்த இயற்கை மாறவில்லை.

நம் நாட்டிலும் பூனையின் சுவடு மிகப் பழமையானது. சிந்துவெளியைச் சேர்ந்த சான்ஹுதாரோவில் 1935-36-ஆம் ஆண்டுகளில் மக்கே என்பார் அகழ்ந்தபோது, ஈரம் காயாத செங்கல் ஒன்றின் மேல் ஒரு பூனையின் அடிகளும் அதைப் பின்தொடர்ந்த நாயின் அடிகளும் பதிந்திருக்கக் கண்டார். தமிழில் தொல்காப்பியத்தின் மரபியல், ‘குட்டி’ என்னும் இளமைப் பெயர் எவ்வெவற்றுக்கு உரியது என்று கூறுமிடத்தில் வெருகையும் எலியையும் அணிலையும் ஒருங்கே சேர்த்து எண்ணுகிறது. சங்கப் பாடல்களில் வரும் வெருகு, மாலை மயங்கும் வேளையில் மனைக் கோழியைக் கவர வரும் காட்டுப்பூனை. பிற்காலத்தில் அடுக்களையில் இடம்பெற்ற பூனையைக் கம்பர் நன்கு அறிவார். இராமகாதையைப் பாடத் துணிந்த தம்மை, பாற்கடலை முழுவதும் நக்கிவிட எண்ணி அதன் கரையை அடைந்த பூனைக்கு அவர் ஒப்பிடுகிறார்.

மாமல்லபுரத்துப் பெருஞ்சிற்பத்தைக் காணாத தமிழர் குறைவு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய அந்தப் பாறையில், தவம் புரியும் முனிவரைப் போல் முன்கால்களை உயர்த்தி நிற்கும் பூனையைக் காணலாம். அதைச் சுற்றி எலிகள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலும் போலித் துறவிப் பூனையின் கதை வருகிறது. பூனையைக் கண்ட நம் முன்னோர் அதன் பசியையும் அதன் பொறுமையையும் ஒருசேர உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவை சான்று.

ஆனால் இப்பூனைகள் எல்லாம் எலியின் முன்னால் நிற்கும் பூனைகள். மற்றொரு பூனையின் முன்னால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லும் கதை, நாம் எல்லோரும் குழந்தைப் பருவத்தில் கேட்டதுதான். ஓர் அப்பத்துக்காக இரண்டு பூனைகள் சண்டையிட்டன. பங்கிட்டுத் தருவதாக வந்த குரங்கு, தராசின் தட்டுகளைச் சமன் செய்வதாகச் சொல்லி முழுவதையும் தின்றுவிட்டது. பௌத்த சாதகக் கதைகளில் இதே கதை வேறு வடிவில் இருக்கிறது; அங்கே சண்டையிடுபவை இரண்டு நீர்நாய்கள்; பங்கிட வருவது நரி. நாம் இக்கதையிலிருந்து ஒற்றுமை என்னும் நீதியைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பூனையின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தோன்றும்: அப்பம் ஒன்றாக இருந்ததே குற்றம்.

எங்கள் பகுதியில் இதைவிடப் புகழ்பெற்ற பூனைக் கதை ஒன்று உண்டு. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், 1513-ஆம் ஆண்டில் முதன்முறையாகத் திருமலைக்கு வந்தார். இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அவருடைய உலோகச் சிலை இன்றும் அங்கே இருக்கிறது. அவருடைய அவையில் இருந்த தெனாலிராமனைப் பற்றிய கதை, கல்வெட்டில் இல்லாவிடினும் மக்கள் நாவில் வாழ்கிறது. எலித் தொல்லை மிகவே, அரசர் வீட்டுக்கொரு பூனையும் அதற்குப் பாலூட்டப் பசுவும் கொடுத்தார். இராமன் முதல் நாளே கொதிக்கும் பாலை வைத்தான். வாய் வெந்த பூனை அன்றுமுதல் பாலைக் கண்டாலே ஓடிற்று. பசுவின் பால் முழுதும் இராமனுக்கே ஆயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது பழமொழி அல்லவா?

கதை கேட்டு நாம் சிரிக்கிறோம். அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. உண்ணாத பூனை யாவும் பசியற்ற பூனை அன்று. உணவு வைக்கப்படும் இடத்தில் ஒருமுறை துன்பம் கண்டுவிட்டால், பசி இருந்தும் அது அவ்விடத்தை நாடாது.

இனி எங்கள் வட்டாரத்தின் பழைய வீடுகளுக்கு வருவோம். கூடத்தின் மூலையில் நெற்குதிர் இருக்கும். தெலுங்கில் அதைக் ‘காதெ’ என்பார்கள். உடன் இருந்தே உண்டு கெடுப்பவனை, குதிரின் அடியில் இருக்கும் பெருச்சாளி என்று இகழ்வது அம்மொழி வழக்கு. பெருச்சாளிக்குத் தெலுங்கில் ‘பந்திகொக்கு’ என்று பெயர். பன்றியெலி என்று பொருள். இச்சொல்லே ஆங்கிலத்திலும் புகுந்து ‘பண்டிகூட்’ ஆயிற்று. சித்தூர்ச் சீமையில் நெல் மட்டுமா விளைந்தது? வேர்க்கடலை மூட்டைகளும் வெல்ல உருண்டைகளும் வீடுகளில் நிறைந்திருந்தன. எலிகளுக்கு அது பொற்காலம். வீட்டுக்கு மூன்று நான்கு பூனைகள் இருந்தாலும் குறையில்லை.

பூனை இருப்பது நலம் என்ற எண்ணத்தைக் கொள்ளைநோய்க் காலம் மேலும் வளர்த்தது. 1896-இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. எலிகளே நோய்க்கு வழி என்பது தெளிவான பின்னர், விதர்ப்பத்து அமராவதியில் பணியாற்றிய புக்கானன் என்னும் ஆங்கில மருத்துவர், பூனைகள் மிகுந்த ஊர்களில் நோய் குறைவு என்று 1908-ஆம் ஆண்டையொட்டி எழுதிவந்தார். பூனைக்கும் அந்நோய் தொற்றக்கூடும் என்பது இன்று தெரிந்த செய்தி. ஆகவே அவருடைய யோசனையை இப்போது அப்படியே ஏற்பாரில்லை. எனினும், பூனையை வீட்டில் பெருக்குவது அறிவுடைமை என்று ஒரு காலத்தில் மருத்துவரும் கருதினர் என்பது வரலாறு.

அக்காலத்துப் பூனைகள் கொட்டாங்கச்சியில் வைத்த பாலுக்காகச் சண்டையிட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பால் அவற்றுக்கு உபரி. வயிற்றை நிரப்பியது குதிரடியிலும் வைக்கோற்போரிலும் ஓடிய எலி. வலியது தட்டை வளைத்துக்கொண்டால் எளியது தோட்டத்துக்குப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனி வேட்டைக்களம், தனி நேரம், தனிக் கவளம். பல பூனைகள் ஒரு வீட்டில் அமைதியாக வாழ்ந்ததன் இரகசியம் இதுவே.

பிறகு காலம் மாறிற்று. கிணறுகள் வற்ற, நெல் வயல்கள் மாந்தோப்புகளாயின. விளைந்ததை அறுவடையான உடனே விற்றுவிட்டு அரிசியை மூட்டையாக வாங்கும் வழக்கம் வந்தது. 1983-ஆம் ஆண்டில் ஆந்திர அரசு கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் வீட்டுக் குதிரும் மெல்ல மெல்ல வெறுமையாயிற்று. மண் சுவர் சிமெண்டுச் சுவராயிற்று. தானியம் தகரப் பீப்பாய்க்குள் அடங்கிற்று. எலி குறைந்தது. எலி குறைந்ததும், உபரியாக இருந்த தட்டே பூனைக்கு முழு உணவாயிற்று. வீட்டார் யாரும் அறியாமலே நிகழ்ந்த மாறுதல் இது.

இதனால் இரண்டு கேடுகள் விளைந்தன. முதலாவது உணவின் குறை. பூனை முற்றும் ஊன் உண்ணும் விலங்கு. இனிப்பை அறியும் உணர்வே அதன் நாவுக்கு இல்லை என்பதை 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொனெல் ஆய்வு நிலையத்தார் மரபணு வழியே கண்டனர். எங்கள் ஊர் வெல்லத்தை எலி விரும்பியதும் பூனை முகர்ந்துவிட்டு நகர்ந்ததும் ஏன் என்பது இப்போது விளங்குகிறது. ‘டாரின்’ என்னும் சத்து போதாத பூனைக்கு விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயத் தசை தளரும் என்று 1987-லும் ஆராய்ச்சியாளர் காட்டினர். அச்சத்து எலியின் உடலில் உண்டு; சோற்றில் இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் எளிதில் செரிப்பதில்லை.

இரண்டாவது கேடு, மனக்கசப்பு. பால் லைஹவுசன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1950-களிலும் 1960-களிலும் பூனைகளின் நடத்தையை ஆழ்ந்து ஆராய்ந்தார். பூனைகளுக்குள் கோழிகளைப் போலவோ நாய்களைப் போலவோ நிலையான மேல்கீழ் வரிசை இல்லை என்பது அவர் கண்டது. காலையில் இவ்வழி ஒன்றுக்கு, மாலையில் மற்றொன்றுக்கு. முதலில் வந்தது செல்லும். பின்னர் வந்தது காத்திருக்கும். இடமும் காலமும் விரிந்திருக்கும் வரை இந்த ஒழுங்கு நிற்கும். இடம் குறுகி நெருக்கம் மிகுந்தால், ஒன்று கொடுங்கோலனாகிவிடும். மற்றொன்று எல்லோராலும் ஒதுக்கப்பட்டு மூலையில் ஒடுங்கும். மற்றொருபுறம், இங்கிலாந்துப் பண்ணைப் பூனைகளைப் பற்றி மக்டொனால்டு, ஆப்ஸ் ஆகிய இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, தாயும் மகளும் சகோதரியுமான பெண்பூனைகள் கூடி வாழ்ந்து குட்டிகளை மாறி மாறிப் பாலூட்டி வளர்ப்பதைக் காட்டிற்று. ஆகவே பூனை கூடி வாழவே தெரியாத விலங்கன்று. உறவும் உணவும் போதிய அளவு இருந்தால் கூடி வாழும். ஆயினும் உண்ணும்போது தனித்து உண்ணவே விரும்பும்.

இந்தச் செய்திகளை எல்லாம் நான் அறிந்தது பின்னர்தான். அன்று ஊருக்கு விரைந்து, பரணிலிருந்து பெரியவளை இறக்கிச் சித்தூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். பூனை ஓரிரு நாட்களுக்கு மேல் உண்ணாதிருப்பது பெரும் ஆபத்து என்றார் அவர். கொழுத்த பூனையாயின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிரே போய்விடுமாம். பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், இரத்தம் எடுத்துச் சோதித்தார். நோய் ஏதும் காணோம். நீரும் மருந்தும் ஏற்றியபின், “வீட்டில் வேறு பூனை உண்டா? தட்டு எங்கே வைக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

தட்டு இருந்தது சமையலறை வாசலில். அதற்கு வேறு வழியில்லை. கடுவன் அங்கே உட்கார்ந்திருந்தான், உறுமவில்லை, அடிக்கவில்லை, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையே தாழிட்ட கதவு. மகள் பூனை ஓடிவந்து நான்கு வாய் விழுங்கிவிட்டுப் போய்க் கக்கிவிடுவாள். கிருமி என்று அம்மா எண்ணியிருந்தார். பெரியவள் இரவில் வந்து, எல்லோரும் உறங்கியபின் எஞ்சியதை நக்கிவந்தாள். கடுவன் வளர வளர எஞ்சியது இல்லையாயிற்று. சண்டைச் சத்தம் கேட்காதது சமாதானத்தால் அன்று. ஒருத்தி தோற்று ஒதுங்கிவிட்டதால்.

2024-ஆம் ஆண்டு அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கத்தார் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன. பூனைகளுக்கிடையே எழும் கசப்பு பெரும்பாலும் சத்தமில்லாதது. முறைத்துப் பார்த்தல், வழிமறித்தல், ஒளிந்துகொள்ளுதல், அவசரமாக உண்ணுதல், உண்ணாமல் விடுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அதற்கு மருந்து அடிப்பதும் அதட்டுவதும் அல்ல. தட்டும் நீரும் மலத்தொட்டியும் படுக்கையும் தனித்தனியாக, ஒன்றையொன்று பார்க்க இயலாத இடங்களில் அமைய வேண்டும். கடுவனுக்குக் கருத்தடை செய்வதும் பயன் தரும்.

அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “ஒரே வீட்டில் மூன்று தட்டா? ஊர் சிரிக்காதா?” என்றார். பிறகு சிறிது நேரம் பேசாதிருந்தார். பெரியவளை மடியில் வைத்துக்கொண்டு, “இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டே பட்டினி போட்டிருக்கிறேன்” என்றார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவர் அன்பில் குறை வைக்கவில்லை. ஒரே தட்டில் அன்பு வைத்தார். அதுவே பிழையாயிற்று.

மறுநாள் முதல் மூன்று தட்டுகள். கடுவனுக்குக் கொல்லைத் தாழ்வாரத்தில். மகளுக்குச் சமையலறை வாசலில். பெரியவளுக்கு எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. தரையில் எங்கு வைத்தாலும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் அம்மாவே வழி கண்டார். கூடத்து மூலையில் வெறுமையாய் நின்ற பழைய குதிரின் மூடிமேல் தட்டை வைத்தார். அங்கிருந்து பார்த்தால் வாசலும் கொல்லையும் இரண்டும் தெரியும். யாரும் பின்னால் வர இயலாது. வேகவைத்த மீனைச் சிறிது பிசைந்து வைத்ததும், பெரியவள் இரண்டு தாவலில் மேலேறினாள். முதல் நாள் இரண்டு வாய். இரண்டாம் நாள் பாதித் தட்டு. ஒரு வாரத்தில் முழுவதும்.

நேயர்களே, நீங்கள் வாழும் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் தோட்டமில்லை, வைக்கோற்போர் இல்லை, எலியும் இல்லை. அங்கே வளரும் பூனைக்குத் தட்டைத் தவிர வேறு வேட்டைக்களம் கிடையாது. இரண்டு பூனைகள் இருக்குமானால் இரண்டு தட்டுகள் வையுங்கள். ஒன்றின் கண் மற்றொன்றின் மேல் படாதபடி வையுங்கள். சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். ஒன்று உண்ணாதிருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அதன்பின் வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

ஊரில் தனித்திருக்கும் பெற்றோரிடம் தொலைபேசியில் பேசும்போது, அவர்கள் வீட்டுப் பூனை நன்றாகச் சாப்பிடுகிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். என் தாயாரிடம் இப்போது நான் முதலில் கேட்பது அதுதான். “குதிர்மேல் உட்கார்ந்து ராணி போல் உண்கிறாள்” என்று அவர் சொல்லும்போது, அவரும் அன்று நேரத்தோடு உண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.